தராசுக் கடையிலிருந்து முந்நூறு மீட்டர்

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் நான் தராசுக் கடை வைத்திருந்தேன். விற்கிற கடை இல்லை, பழுது பார்க்கிற கடை. பருத்தி மண்டிகளின் மேடைத் தராசு, பலசரக்குக் கடைகளின் தட்டுத் தராசு, ஆசாரிமார்களின் நகைத் தராசு, தீப்பெட்டி ஆபீஸ்களில் ரசாயனம் நிறுக்கிற தராசு என்று எது ஒரு பக்கம் சாய்ந்தாலும் என் மேஜைக்கு வந்துவிடும். எண்ணெய்ப் படி, பால் படிகளையும் தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்துக் கொடுப்பேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. துப்பாக்கியை அதுவரை போலீஸ்காரர் தோளில்தான் பார்த்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரம்மா கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். நாகலாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை, என் மூத்த மகள் உட்பட. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், என்னிடம் இருப்பதிலேயே நுணுக்கமான தராசு எது என்று கேட்டார். நகைத் தராசைக் காட்டினேன். பத்து மில்லிகிராம் வரை காட்டும் என்றேன். அதைவிட நுணுக்கமாக வேண்டுமாம்.

“மருந்து நிறுக்கவா டாக்டரம்மா?”

“மருந்துதான் அண்ணாச்சி. துப்பாக்கி மருந்து.”

என் முகம் போன போக்கைப் பார்த்து, கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கலெக்டர் ஆபீஸ் முத்திரை இருந்தது. “மொதல்ல இத வாசிங்க. பெறவு பேசுவோம்” என்றார்.

வாசித்தேன். அவர் மாவட்ட ரைபிள் கிளப் உறுப்பினர். போட்டிக்கென்று ரைபிள் வைத்துக்கொள்ளவும், அதற்கான தோட்டாக்களைத் தானே மருந்து நிரப்பிக்கொள்ளவும் உரிமம் இருந்தது. எத்தனை தோட்டா, எவ்வளவு மருந்து என்றெல்லாம் அதில் வரம்பு போட்டிருந்தது. அவருடைய அப்பா காலத்திலிருந்தே வீட்டில் துப்பாக்கி உண்டாம். அப்பா பன்றி விரட்டச் சுட்டார், மகள் குறி வைக்கும் அட்டையைச் சுட ஆசைப்பட்டிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்காரர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது தன் போட்டி ரைபிளையும், தோட்டா நிரப்பும் கைக்கருவியையும், ஒரு மரப்பெட்டி நிறைய சுட்ட பித்தளைக் கூடுகளையும் இவருக்கு முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வருகிற வருஷம் சென்னையில் மாநிலப் போட்டி. முந்நூறு மீட்டர் தூரத்தில் வைத்த அட்டையைப் படுத்தபடி சுட வேண்டும்.

“முந்நூறு மீட்டர்னா எம்புட்டு தூரம்?” என்று கேட்டேன்.

“நம்ம கடைல இருந்து ஸ்டேஷன் வரைக்கும்னு வைங்களேன். அங்கன ஒரு பூசணிக்காய் இருந்தா, அதோட நடுவுல அடிக்கணும்.”

கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். ஸ்டேஷன் வாசல் வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது. அங்கே நிற்கிற மனுஷனே யாரென்று தெரியவில்லை. எனக்கு அப்போதே உடம்பில் ஏதோ ஒன்று ஊற ஆரம்பித்துவிட்டது.

என் மேஜையின் மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ரசாயனத் தராசு நின்றது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கழித்துப் போட்டது. அதன் நடுக் கம்பி உட்காரும் கல் விளிம்பு சிதைந்திருந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தேய்த்துச் சரிசெய்து வைத்திருந்தேன். ஆனால் அதில் நிறுக்க கோவில்பட்டியில் யாரிடமும் ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவிடம் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தேன். அதை எடைபோட்டேன். பிறகு பென்சிலைக் கொடுத்து அதில் அவருடைய இனிஷியலை எழுதச் சொன்னேன். மறுபடியும் தட்டில் வைத்தேன். முள் மெதுவாக நகர்ந்து, முதலில் நின்ற இடத்தைத் தாண்டி நின்றது.

அவர் கண்ணாடிக் கூண்டுக்கு வெகு பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். “எழுத்துக்கு எடை காட்டுதே” என்றார் மெல்ல. பிறகு இது எனக்கு வேணும் என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். தராசு எங்கே போகிறதோ அங்கே நானும் வருவேன், அதை இடம் மாற்றினால் என்னைத் தவிர யாராலும் நிலைநிறுத்த முடியாது என்றேன். பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தப் பூசணிக்காயை எனக்கும் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தராசை மடியில் வைத்துக்கொண்டு குதிரை வண்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வீடு. அதில் வடக்குப் பார்த்த ஒரு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருந்தார். மேஜையில் எஸ்டேட்காரரின் கைக்கருவி திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. பார்க்க ஒரு பெரிய பாக்குவெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். அவருடைய வீட்டுக்காரர் அறை வாசலில் நின்று என்னை வரவேற்றார். பேங்கில் அதிகாரி. வெடிச் சத்தம் என்றால் ஆகாது. தீபாவளிக்கே காதில் பஞ்சு வைக்கிறவர் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனாலும் மனைவி சுடப் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போவார். சிவப்புக் கொடி கட்டுவது, நோட்டில் எழுதுவது அவர் பொறுப்பு.

ஒரு தோட்டாவில் நான்கே சாமான்கள்தான். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தட்டும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் கூடு மிச்சம். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு இறுக்கி, மற்ற மூன்றையும் புதிதாக வைத்தால் மறுபடியும் தோட்டா. கம்பெனியில் அடைத்து வருகிற தோட்டாவை விட்டுவிட்டு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். கிடைப்பதெல்லாம் எந்தக் காலத்துச் சரக்கோ, ஒன்று போல் இன்னொன்று சுடுவதில்லை என்றார்.

“ரைபிளும் அதேதான், நானும் அதே ஆள்தான். தோட்டா மட்டும் ஒண்ணுக்கொண்ணு மாறுனா, தப்பு என் மேலயா தோட்டா மேலயான்னு எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணாச்சி?”

தராசுக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக ஒன்றைச் சொல்ல முடியாது. படிக்கல் சரியில்லை என்றால் எதை நிறுத்து என்ன?

அடுத்த ஞாயிறு விடியும்போது அவர்களுடைய காரில் கிளம்பினோம். எட்டயபுரத்தில் டீ குடித்துவிட்டு, நாகலாபுரத்துக்கு இந்தப்புறம் அவருடைய குடும்பத்துப் புஞ்சைக்குப் போய்ச் சேர்ந்தோம். மல்லி அறுத்து முடித்த நிலம். செருப்புக்கடியில் கொத்தமல்லி வாசம் கிளம்பியது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேடு ஒன்று ஓட்டு வீட்டு உயரத்துக்கு நின்றது. அதற்கும் பின்னால் கண்மாய்க் கரை. மேட்டின் முன்னால் மரச்சட்டத்தில் அட்டை. போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். ஆடு மேய்க்கிறவர்கள் யாரும் வந்துவிடாமல் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, கொடி ஏற்றிய பிறகுதான் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்தார்.

கோரைப்பாயில் குப்புறப் படுத்தார். துப்பாக்கியின் முன்பகுதியை மணல் மூட்டைமேல் வைத்தார். சேலையில்லை, அன்றைக்குப் பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும். அதைப் பார்த்து நான் ஒரு நிமிஷம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் வெடி கேட்டதும் அந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது. நெஞ்சுக்குள் யாரோ கையால் தட்டியது போலிருந்தது. வீட்டுக்காரர் பஞ்சு வைத்த காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

அன்றைக்குச் சுட்டது எஸ்டேட்காரரின் அளவுக் கரண்டியில் மருந்து அள்ளி நிரப்பிய பழைய தோட்டாக்கள். பத்துச் சுட்டதும் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு மூவரும் அட்டையைப் பார்க்க நடந்தோம். பத்துத் துளையும் ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சிதறியிருந்தன. முந்நூறு மீட்டருக்கு அதுவே பெரிய காரியமென்று நினைத்தேன். டாக்டரம்மா தலையை ஆட்டினார். இதை வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனால் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்றார்.

பிறகு வந்த வாரங்களில் நான் மருந்து நிறுத்தேன். எடை அவருடைய புத்தகத்தில் கிரெயின் என்ற இங்கிலீஷ் எடைக் கணக்கில் இருந்தது. நான் மில்லிகிராமுக்கு மாற்றிக்கொண்டேன். அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு துகளாகத் தட்டில் போடுவேன். தெருவில் ஒரு லாரி போனால் முள் ஆடும், அது அடங்கும்வரை இருவரும் அசையாமல் காத்திருப்போம். வியர்வை தட்டில் விழாமல் நெற்றியில் துண்டு கட்டியிருந்தேன். இருபது தோட்டாவுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. எந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு துகள்கூட வித்தியாசம் கிடையாது. இதற்குமேல் உலகத்தில் யாராலும் செய்ய முடியாதென்று எனக்குக் கர்வமாகவே இருந்தது.

புஞ்சையில் பத்துச் சுட்டுப் பார்த்தோம். பக்கவாட்டில் அருமையாகச் சுருங்கியிருந்தது. ஆனால் மேலும் கீழுமாக நீண்டிருந்தது. அட்டையில் ஒரு முருங்கைக்காயைச் செங்குத்தாக நிறுத்தி வைத்த மாதிரி.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் என் மனைவி, எவன் தராசு உடைந்தது என்று இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். என் தராசுதான் என்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் அறையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. கடம்பூரிலிருந்து ஒரு பிரசவ கேஸ். டாக்டரம்மா மருந்தையும் கேப்பையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெற்றுக் கூடுகளை மட்டும் மேஜையில் விட்டுவிட்டு ஓடினார். வீட்டுக்காரர் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலில் பேப்பர் படித்தார். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எதிரில் தராசு இருக்கிறது, பக்கத்தில் சாமான் இருக்கிறது. ஒரு வெற்றுக் கூட்டை எடுத்து எடை போட்டேன். இன்னொன்றைப் போட்டேன். முள் அடித்துக்கொண்டு மறுபக்கம் போனது.

ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். அதேதான். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. காப்பி ஆறிப் போனது. நாற்பது கூடுகளையும் நிறுத்து முடித்தபோது மேஜையில் இரண்டு குவியல்கள் இருந்தன. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றே. ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே பித்தளை நிறம். ஆனால் ஒரு குவியல் கனம், ஒரு குவியல் லேசு. நடுத்தரம் என்று ஒன்றுகூட இல்லை.

வெளியளவு ஒன்றாக இருந்து எடை கூடினால் பித்தளை எங்கே இருக்கிறது? உள்ளே. சுவர் தடிமனாக இருக்கிறது. சுவர் தடித்தால் உள்ளே இடம் குறையும். பலசரக்குக் கடைகளில் அளவு குறைய அடியை உள்ளே தட்டி வைத்த எத்தனை எண்ணெய்ப் படிகளைப் பிடித்தவன் நான். வீட்டுக்காரரிடம் பேனாவுக்கு மை ஊற்றும் சொட்டுக்குழல் ஒன்று கேட்டேன். ஒவ்வொரு கூட்டையும் விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி நிறுத்தேன். கனமான கூடு ஒவ்வொன்றிலும் தண்ணீர் குறைவு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

டாக்டரம்மா திரும்பி வரும்போது கை முழுக்க லோஷன் வாசம். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மேஜையில் தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டார். எனக்குப் பேச்சு முன்னுக்குப் பின்னாக வந்தது.

“டாக்டரம்மா, நாம மருந்த ஒரே அளவாப் போடுதோம், சரிதான். ஆனா போடுத பாத்திரம் ரெண்டு தினுசு. சின்னப் பானைல ஒரு உழக்கு அரிசி, பெரிய பானைல ஒரு உழக்கு அரிசி. ரெண்டும் ஒரே மாதிரியா பொங்கும்?”

அவர் இரண்டு குவியலிலிருந்தும் ஒவ்வொரு கூட்டை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். பிறகு, அந்த எஸ்டேட்காரர் இரண்டு வேறு வருஷத்துச் சரக்கை ஒரே பெட்டியில் கொட்டி வைத்திருக்கிறார் என்றார். இடம் குறைந்த கூட்டில் அழுத்தம் கூடும், குண்டு வேகமாகப் போகும், மேலே விழும். அட்டையில் நின்ற முருங்கைக்காய்க்குக் காரணம் அதுவா என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த ஞாயிறுவரை எனக்கு எப்படிப் போனதென்று தெரியாது. மண்டித் தராசு ஒன்றைத் தலைகீழாகப் பூட்டிவிட்டுப் பிறகு கழற்றினேன்.

கூடுகளைக் காயவைத்து, ஒரே அளவு மருந்து போட்டு, கனமான கூட்டில் ஐந்தும் லேசான கூட்டில் ஐந்துமாக நிரப்பியிருந்தார். மாற்றி மாற்றிச் சுட்டார், கனம் ஒன்று, லேசு ஒன்று என்று. எது எப்போது என்று வீட்டுக்காரர் நோட்டில் எழுதினார். பத்தாவது சத்தம் அடங்கி, துப்பாக்கியைத் திறந்து காட்டி, கொடி இறங்கியதும் நான் ஓடினேன். கரிசல் கட்டிகளில் முந்நூறு மீட்டர். ஒரு செருப்பு வெடிப்புக்குள் போய்விட்டது, எடுக்க நிற்கவில்லை.

அட்டையில் இரண்டு கொத்துகள் இருந்தன. மேலே ஐந்து துளைகள் நெருக்கமாக, நான்கு விரற்கடை கீழே ஐந்து துளைகள் நெருக்கமாக. நடுவில் வெள்ளைத் தாள், ஒரு கீறல்கூட இல்லாமல். நான் திரும்பி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. டாக்டரம்மாவும் ஓடி வந்தார், அவருக்குப் பின்னால் பேங்க் அதிகாரி ஒரு கையில் நோட்டும் ஒரு கையில் என் செருப்புமாக ஓடி வந்தார். மூவரும் அட்டைக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றோம். டாக்டரம்மா மேல்கொத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஐந்து துளையும் கைக்குள் மறைந்துவிட்டன. அதே கையைக் கீழே வைத்தார். அதுவும் மறைந்தது.

“ரெண்டு வருசமா நான் என்னையத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்” என்றார்.

அதோடு முடிந்துவிட்டதென்றுதான் நினைத்தோம். லேசான கூடுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். எடை வாரியாக அதையும் சலித்தோம். குண்டுகளையும் நிறுத்துப் பிரித்தோம். சித்திரை வந்தது. முதல் ஐந்து சுடும்வரை காப்பி டம்ளரின் வாய் அகலத்துக்குள் விழும். ஏழு, எட்டு என்று போகப் போகத் துளைகள் மேலே ஏற ஆரம்பித்துவிடும். குழல் சூடாகிறது என்று நினைத்து நடுவில் ஆறவிட்டார். அப்படி ஆறவிட்டால் இன்னும் மேலே ஏறியது.

இதை மூன்று வாரம் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காவது வாரம், பாயின் பக்கத்தில் இருந்த தோட்டாப் பெட்டியை நகர்த்தி வைக்கக் கையை வைத்தேன். சுரீரென்றது. தகரப் பெட்டி, அதுவும் கரிசல் மண்மேல். காலை ஒன்பது மணிக்கே அந்த மண் அடுப்புக்கல் மாதிரிக் கொதிக்கும். குழலை ஆறவிட்ட நேரமெல்லாம் தோட்டா வெந்துகொண்டிருந்திருக்கிறது. மருந்து சூடேறினால் அழுத்தம் கூடும், குண்டு மேலே போகும். என் தொழிலில் இது பால பாடம். ஜன்னல் வெயில் ஒரு தட்டின்மேல் பட்டால் போதும், எப்பேர்ப்பட்ட தராசும் பொய் சொல்லும். கடையில் யார் வந்தாலும் தராசை வெயிலில் வைக்காதீர்கள் என்று சொல்கிறவன் நான், தோட்டாவை வெயிலில் வைத்துவிட்டு மூன்று வாரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

“பெட்டியத் தொட்டுப் பாருங்க டாக்டரம்மா” என்றேன். தொட்டார். கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். காய்ச்சல் பார்க்கிற எனக்கே இது தெரியாமல் போச்சே என்றார். காரிலிருந்து புதுப் பானை ஒன்றை எடுத்து வந்து, உள்ளே காய்ந்த துணி விரித்துப் பெட்டியை வைத்து, வெளியே ஈரச் சாக்கைச் சுற்றி, குடை நிழலில் வைத்தோம். ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. அன்றைக்குப் பத்தாவது துளை முதல் துளைக்குப் பக்கத்தில் விழுந்தது.

போட்டிக்குச் சென்னை போனபோது கடையை நான்கு நாள் பூட்டினேன். என் மனைவி, கல்யாணத்துக்குக்கூட ஒரு நாள்தான் கடையைப் பூட்டினீர்கள் என்றாள். ஊருக்கு வெளியே சுடுதளம். வரிசையாகப் பாய்கள், வரிசையாக அட்டைகள், அட்டைக்குக் கீழே பள்ளத்தில் ஆட்கள் உட்கார்ந்து மதிப்பெண் பார்த்து டெலிபோனில் சொல்வார்கள். பட்டாளத்துக்காரர்கள், போலீஸ்காரர்கள், எஸ்டேட் துரைகள் மாதிரித் தொப்பி வைத்தவர்கள். பெரிய துப்பாக்கிப் பிரிவில் பெண்பிள்ளை டாக்டரம்மா ஒருவர்தான். தோட்டாவைச் சோதித்த அதிகாரி அவருடைய உரிமத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஈரச் சாக்கு சுற்றிய பானையை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

நான்கு அட்டைகள், அட்டைக்குப் பத்து. இங்கே மணல் மூட்டை கிடையாது, துப்பாக்கியின் தோல்வாரைக் கையில் சுற்றிக்கொண்டுதான் சுட வேண்டும். முதல் இரண்டு அட்டையும் நன்றாகப் போயின. நானும் வீட்டுக்காரரும் கயிற்றுக்கு இந்தப்புறம் நின்றோம். அவர் ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடி, உடனே திறந்து, நோட்டில் ஒரு கோடு போடுவார்.

மூன்றாவது அட்டையில் டெலிபோன் மணி அடித்தது. அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். அட்டையை மேலே கொண்டுவந்தார்கள். பத்துத் தோட்டா சுட்ட அட்டையில் பதினொரு துளைகள். பக்கத்துப் பாய்க்காரர் யாரோ தவறி இவர் அட்டையைச் சுட்டிருக்கிறார். எந்தத் துளை யாருடையது என்று தீர்மானிக்க வேண்டும். ஆனால் அட்டையைத் தூக்கிப் பிடித்ததும் அந்த அதிகாரிகளே சிரித்துவிட்டார்கள். பத்துத் துளைகள் நடுக் கறுப்பில் ஒன்றாக நெருங்கி நின்றன. ஒன்று மட்டும் இடது கீழ் மூலையில், அழைக்காத விருந்தாளி மாதிரித் தள்ளி நின்றது. அடுத்த பாயிலிருந்த தொப்பிக்காரர் எழுந்து வந்து, மன்னிக்க வேண்டும், அது என்னுடையது, இந்தம்மா சுட்டதாக அதை யாரும் நம்பமாட்டார்கள் என்றார்.

அந்தக் கலகலப்பில் டாக்டரம்மாவின் நிதானம் போயிருக்குமோ என்று பயந்தேன். நான்காவது அட்டையில் ஒன்பது சுட்டுவிட்டு நிறுத்திவிட்டார். தொலைநோக்கியில் கண்ணை வைத்துக் கானலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அதுவரை வலமாக ஓடிக்கொண்டிருந்த கானல் நின்று, நேர் மேலே கொதிக்க ஆரம்பித்திருந்தது. காற்று திரும்பப் போகிறது என்று அர்த்தம். எல்லோரும் சுட்டு முடித்துவிட்டார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பென்சில் முனையைக் கடித்துத் துப்பினார். அவசரப்படச் சொல்லிக் கூப்பிடலாமா என்று என்னைக் கேட்டார். கூடாது என்று தலையசைத்தேன். கானல் மறுபடியும் மெதுவாக வலப்பக்கம் சாய்ந்தது. அவர் சுட்டார். இந்தத் தடவை வீட்டுக்காரர் கண்ணை மூடவில்லை.

நடு வட்டம். மொத்தத்தில் இரண்டாம் இடம். முதலில் வந்தது ஒரு பட்டாளத்துக்காரர், இரண்டே மதிப்பெண் வித்தியாசம். வெள்ளிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு இறங்கியதும் டாக்டரம்மா அதை என் கையில் வைத்து, எடை போட்டுப் பாருங்கள் என்றார். நான் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து ஒரு எடை சொன்னேன்.

முதலில் வந்த பட்டாளத்துக்காரரும் வந்து கை கூப்பினார். மதுரைப் பக்கத்து மனுஷன். டாக்டரம்மாவின் தோட்டா ஒன்றைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு, எந்தக் கம்பெனி என்று கேட்டார்.

“கம்பெனி கோவில்பட்டிதான். இந்தா நிக்காவல்லா, இவியதான். தராசுக் கடை வச்சிருக்காவ” என்றார் டாக்டரம்மா.

பட்டாளத்துக்காரர் நம்பவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தடியில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். வெற்றுக் கூட்டில் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னபோது எழுந்து நின்றுவிட்டார். முகவரி எழுதி வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பிய சில வாரங்களில் எடையளவு இன்ஸ்பெக்டர் வருஷ சோதனைக்காகக் கடைக்கு வந்தார். கண்டிப்பான மனுஷர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒவ்வொரு படிக்கல்லாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், ரசாயனத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கூட்டைப் பார்த்துவிட்டார். அது பிளந்து போனது. அதன் சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்க்கக் குறுக்கே அறுக்கச் சொல்லி டாக்டரம்மா கொடுத்திருந்தார். இது என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. டாக்டரம்மா கடைக்கு வந்த புதன்கிழமையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் முதலில் நின்றுகொண்டு கேட்டார், இரண்டு குவியல் வந்தபோது ஸ்டூலை இழுத்துப் போட்டார், பதினொரு துளை வந்தபோது டீயை மறந்துவிட்டார். சொல்லி முடித்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டு, வருகிற ஞாயிறு காரில் ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டார்.